ஆண்டியப்பனுக்குக் கிடைத்த முழுக் கதை

ராகலை பஸ் நிலையத்தில், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து சேருகிற நேரத்தில் நின்றால், ஆண்டியப்பனைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது. பனிமூட்டத்தில் ஆள் தெரியாவிட்டாலும் சத்தம் வந்துவிடும். "கடலே... கடலே... சுடச்சுடக் கடலே!" கடலை ஒன்றும் சுடச்சுட இருக்காது. விடியற்காலையில் அவருடைய சம்சாரம் அவித்து, துண்டாக நறுக்கிய தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்துக் கொடுத்தது, ராகலைக் குளிரில் பகலுக்குள் ஆறிப்போயிருக்கும். அதை நான் அவருடைய முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"சத்தம் சூடா இருக்குல்லக்கா, அது போதும்" என்பார்.

அந்த ஆண்டியப்பனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நான் ராசம்மா. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் நிஷாந்தி எழுதுகிறாள். பகலெல்லாம் மலையில் கொழுந்து கிள்ளிவிட்டு வந்த கை, அதனால் அவள் நடுவில் நடுவில் நிறுத்துவாள். நான் நிறுத்தமாட்டேன்.

ஆண்டியப்பன் எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்காரர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வாலிப வயதில் கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டிச் சமப்படுத்துகிற வேலை அது. ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அந்த வீச்சே அவருடைய தோள்பட்டையைத் தின்றுவிட்டது. தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டுப்பட்ட பிறகு ஒரு மாதம் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்து மழையைப் பார்த்தாராம். பிறகு ஒரு நாள் கூடையில் கடலையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார். "மல என்னய விட்டுருச்சு, நான் ரோட்டப் புடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அழுதுகொண்டு எதையும் சொல்லத் தெரியாத மனுசன்.

கடலை விற்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் இவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடலையைப் பழைய காகிதத்தில் சுருட்டித்தானே கொடுப்பார்கள்? ராகலையில் பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டாக வாங்கிவந்து, வீட்டில் சம்சாரம் சுருள் சுருட்டுவார். பரீட்சைப் பேப்பர், கலியாணப் பத்திரிகை, கிழிந்த புத்தகம், கட்சிக்காரன் நோட்டீஸ், எல்லாம் அதில் வரும். கடலை வாங்குகிற ஆள், தின்று முடித்ததும், சுருளைப் பிரித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆண்டியப்பனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே எறிந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"கடலைக்கு காசு குடுத்தீங்க. காகிதத்துக்கு யாரு குடுக்குறது? என்னா எழுதியிருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் எறிங்க!"

அவருக்கு வாசிக்கத் தெரியும். கூடையைத் தோளில் போட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் மிச்சக் காசு கொடுக்கிற ஆளுக்கு வாசிக்க எங்கே நேரம்? அதனால் பஸ்ஸே அவருக்கு வாசித்துக் காட்டும். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை விற்றுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது ஒவ்வொரு சீட்டிலும் விசாரணை நடக்கும்.

"எனக்குத் தெரிஞ்ச கதை அத்தனையும் பாதிக் கதைதான்க்கா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ராசா காட்டுக்குப் போவாரு. போனவரு திரும்பி வந்தாரா, புலி அடிச்சிருச்சா, ஒண்ணும் தெரியாது. அடுத்த பக்கத்த எவன் தின்னுட்டு எறிஞ்சானோ. பொறந்ததுலருந்து ஒரு கதையக்கூட முழுசா கேட்டதில்ல."

என்னிடமும் கேட்பார். எனக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்தும் கேட்பார். எனக்கா கூச்சம்? சுருளைப் பிரித்து, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன்.

"அரிசி வெல ஏறப்போகுதுன்னு போட்டிருக்கு."

"போன வாரமும் அதத்தானேக்கா போட்டிருந்தான்?"

"போன வாரமும் ஏறுச்சுல்ல?"

சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

இப்போது என் பேத்தி லோஜினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஷாந்தியின் மகள். அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் ராகலையில். நிஷாந்தி மலைக்குப் போய்விடுவதால் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் வேலை. பஸ் நிறையும்வரை டிரைவர் எடுக்கமாட்டான். அந்த நேரத்தில்தான் கடலை.

லோஜினிக்குக் காது கூர்மை. ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வாள். எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் பெரிய பிள்ளைகள் பாடம் வாசிக்கும்போது இவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு புத்தகத்தை எடுத்துவைத்து அட்சரம் பிசகாமல் சொல்வாள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்புவாள். லயமே வந்து பார்த்தது. நானும் பூரித்துப்போனேன். எங்கள் ஆட்கள் கோவில் பாட்டு, கூத்துப் பாட்டு, ஒப்பாரி, எல்லாம் காதால் கேட்டுத்தானே படித்தோம்? புத்தகமும் அப்படித்தான் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த வரியை எழுதாமல் நிஷாந்தி என்னைப் பார்க்கிறாள். எழுது.

ஒரு நாள் பஸ்ஸில் ஆண்டியப்பன் இவளிடமும் கேட்டார்.

"பாப்பா, உன் சுருள்ல என்னா கதை?"

இவள் சுருளை விரித்துப் பிடித்து, கணீரென்று சொன்னாள். "அம்மு வீட்டில் ஒரு கோழி. கோழி முட்டை இட்டது. முட்டை உருண்டது..."

பஸ்ஸே கேட்டது. நான் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன், என் பேத்திதான் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் கோழி முட்டை இட்டது. அதற்கு அடுத்த நாளும் இட்டது.

ஆண்டியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நல்ல கோழியா இருக்கே! மூணு நாளா விடாம போடுதே! பாப்பா, எனக்கு ஒரு குஞ்சு குடேன்."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் முன் சீட்டில் இருந்த தனுஷன், லோஜினியுடைய வகுப்புப் பையன், எட்டிப் பார்த்துவிட்டான். "அது கலியாணப் பத்திரிக்கை! தலைகீழா புடிச்சிருக்கா!" என்று கத்தினான். பஸ் சிரித்தது. பஸ் சிரித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? சீட்டெல்லாம் சேர்ந்து சிரித்த மாதிரி இருக்கும்.

லோஜினி சுருளைக் கடலையோடு ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். மறுநாள் வகுப்பில் தனுஷன் கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு "கொக்கொக்கோ" என்றானாம். அன்றையிலிருந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டது. புத்தகத்தைத் தொடமாட்டாள். அந்தக் கோழிப் பாடத்தைக்கூடச் சொல்லமாட்டாள்.

யோகராணி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ரோட்டில்தான் ஒரு வீட்டில் தங்கியிருந்தார், அதே பஸ்தான்.

"அம்மா, வாற மாசம் வாசிப்பு மாதம். எங்கட வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் மேடையில ஒவ்வொரு பக்கம் வாசிக்க வேணும். முன்னம் பார்க்காத பக்கம். லோஜினி மாட்டன் எண்டு நிக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை அம்மா. இப்ப பயந்து விட்டிட்டாளெண்டால் பிறகு புத்தகமே பிடிக்கமாட்டாள்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அன்னைக்கு எனக்கு வயித்து வலி வரும் அம்மாயி" என்றாள் லோஜினி. ஒரு மாதத்துக்கு முன்பே வயிற்று வலிக்கு நாள் குறித்துவிட்டாள்.

எனக்கு ஆண்டியப்பன்மேல் ஆத்திரம். கடலை வாங்குவதை நிறுத்தினேன். அவர் பக்கத்தில் வந்தால் ஜன்னலைப் பார்ப்பேன்.

"அக்கா, ஒரு வார்த்த பேசுங்கக்கா."

"கடலையில கல்லு இருக்கு" என்றேன்.

"இத்தன வருசத்துல ஒரு கல்லு இருந்ததா?"

"இப்ப இருக்கு."

மனுசன் வாடிப்போனார். பிள்ளையைச் சிரிக்கவைக்க நினைத்து அழவைத்துவிட்டோமே என்று கீழ்ப்பிரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். ஒரு வாரம் கழித்து, கூடையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு எங்கள் சீட்டுக்கு வந்தார். கையில் சுருள் இல்லை. ஒரே ஒரு காகிதம், மடிக்காமல், தட்டையாக.

"பாப்பா, இத நீ வாசிக்க வேணாம். நான் கேக்கவும் மாட்டேன். ஒரு குரங்கு சட்ட தைக்கக் குடுத்த கதை. எழுத்து பெருசா, நல்லா இருந்துச்சு. சுருட்ட மனசு வரல. வச்சுக்க."

லோஜினி அவரைப் பார்க்கவில்லை. ஆனால் காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். குரங்குக்குச் சட்டை என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது?

அன்று சாயந்திரம் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். லோஜினி காகிதத்தை அவளுடைய அம்மாவிடம் நீட்டினாள். நிஷாந்தி எட்டாம் வகுப்புவரை படித்தவள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் போனும் மருந்துப் போத்தலும்தான். விரலை வைத்து வாசித்தாள். நான் சொல்கிறபடியே எழுது நிஷாந்தி, நீயும் தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தாய்.

"ஒரு ஊ... ஊரில் ஒரு தை... தையல்கா... தையல்காரர் இருந்தார்."

லோஜினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உங்களுக்குமா சிக்குது?"

"சிக்குனா என்னாடி? மலையில செடிக்குள்ள போனா இடுப்புல கட்டுன படங்குச் சாக்கு சிக்குது. எடுத்து விட்டுட்டு அடுத்த செடிக்குப் போறதில்லையா? அதுக்காக வீட்டுக்கா வந்துடுறேன்?"

பிள்ளை கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அம்மாவின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிக்கிச் சிக்கிப் போனார்கள். ரொட்டி ஒரு பக்கம் கருகியது. நான் திருப்ப மறந்துவிட்டேன்.

கதை இதுதான். ஒரு குரங்கு தையல்காரரிடம் வந்து, "என் அக்காவுக்குக் கல்யாணம். எனக்குச் சட்டை வேண்டும். கைக்கு இரண்டு கை, வாலுக்கு ஒரு கை, மூன்று கை வைத்துத் தைத்துத் தாருங்கள்" என்று கேட்டது. அவரும் தைத்தார். கல்யாணத்தன்று காலையில் குரங்கு சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தது. பார்த்ததும்...

அங்கே பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் குரங்கின் படம் மட்டும்தான்.

கொழும்பில் கடையில் வேலை செய்கிற மருமகனுக்குப் போன் போட்டு, லோஜினியே அதை வாசித்துக் காட்டினாள்.

"பார்த்ததும்?" என்று கேட்டான் அவன்.

"பார்த்ததும் அவ்வளவுதாம்பா. மிச்சம் இல்ல."

"என்னா அநியாயம் இது!"

மறுநாள் அவனே போன் எடுத்தான். பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கவில்லை. மிச்சப் பக்கம் கிடைத்ததா என்று கேட்டான்.

லோஜினி ஆண்டியப்பனிடம் பேசினாள். அத்தனை நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். "கடலைத் தாத்தா, அடுத்த பக்கம் எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதத்தான் பாப்பா நானும் தேடுறேன். வீட்டுல கேட்டா, அந்தக் கட்ட முழுக்க சுருட்டியாச்சுங்குறா. இந்தக் கூடையில இருக்கலாம், நாளைக்குக் கூடையில இருக்கலாம். பிரிச்சுப் பாக்க முடியாது, உள்ள கடலை இருக்கு. தின்னாத்தான் தெரியும்."

ஆக, குரங்குக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமென்றால் ராகலையே கடலை தின்ன வேண்டும் என்றாகிவிட்டது. நானும் கல்லை மறந்து மறுபடி வாங்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் லோஜினி எங்கள் சுருளைப் பிரிப்பாள். குரங்கு இருக்கிறதா என்று தேடுவதற்காக ஒவ்வொரு காகிதத்திலும் இரண்டு மூன்று வரி பார்ப்பாள். மெல்ல, உதடு மட்டும் அசையும். தான் வாசிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் சத்தம் போட்டு வாசி என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மேடைக்கு நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

வாசிப்பு விழாவுக்கு முதல் நாள் மழை பிய்த்து உதறியது. பஸ் கிளம்பி இரண்டு வளைவு தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் பெரிய மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆட்கள் ரம்ப வாள் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்குப் பயந்து ஆண்டியப்பனும் அன்றைக்கு எங்கள் பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கூடையில் பாதிக் கடலை மிச்சம்.

கொண்டக்டர் துஷாந்த் இறங்கிப் பார்த்துவிட்டு நனைந்து வந்தான். "இப்போதைக்குப் போகாது. எல்லாரும் சாமி கும்புடுங்க."

"சாமி அப்புறம், கடலை மொதல்ல" என்றார் ஆண்டியப்பன். "சும்மா தின்னுங்க. இன்னைக்கு காசு வேணாம். ஆனா ஒவ்வொருத்தரும் பிரிச்சுப் பாக்கணும். குரங்கு யாரு கையில இருக்குன்னு தெரிஞ்சாகணும்."

பஸ்ஸுக்குக் கதையின் முதல் பக்கம் அதற்குள் தெரிந்திருந்தது. பின்னே, இத்தனை நாளாக இவர் சீட்டுக்குச் சீட்டு சொல்லித் திரிந்திருக்கிறார். எல்லோரும் தின்றார்கள். எல்லோரும் பிரித்தார்கள்.

"எனக்கு கரண்ட் பில்லு."

"இது யாரோ பூப்பெய்துன பத்திரிக்கை. தேதி போன வருசம். சாப்பாடு முடிஞ்சிருக்கும்."

மரக்கறி லொறி வைத்திருக்கிற சிங்கள முதலாளி ஒருவர் பின்னால் இருந்தார், அன்றைக்கு லொறி பழுது. "அம்மே, நமக்கு வந்தது சிங்களம். கணக்குப் பேப்பர். எல்லாக் கணக்கும் பிழை!" என்றார்.

கண்ணாடியைப் பார்த்த குரங்கு அழுதிருக்குமா, சிரித்திருக்குமா என்று இன்னொரு பக்கம் சண்டை. கழுத்து இறுக்கி அழுதிருக்கும் என்றாள் ஒருத்தி. குரங்கு கறுப்பு, சட்டையும் கறுப்பு, பொருந்தியிருக்காது என்றான் ஒருவன். "உன் கலியாணச் சட்டைய நெனச்சுச் சொல்றியா?" என்றாள் அவன் பெண்சாதி.

அப்போது தனுஷன் சீட்டில் ஏறி நின்றான். "எங்கிட்ட இருக்கு! குரங்கு எங்கிட்ட இருக்கு!"

அவன் காகிதத்தைப் பிடித்து உரக்கத் தொடங்கினான். "தையல்காரர் யோ... யோ..." அங்கேயே நின்றான். "யோ... யோ..." காது சிவந்தது. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோஜினி எழுந்தாள். இப்போது இவள் "கொக்கொக்கோ" என்று சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். அவள் சொல்லவில்லை. அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"யோசித்தார்" என்றாள். "விடு, அது சிக்குற எழுத்துதான். ஆனா இது அடுத்த பக்கம் இல்ல தனுஷன். கண்ணாடி பாத்தது குரங்கு. இங்க தையல்காரரு யோசிக்கிறாரு. நடுவுல ஒண்ணு இருக்கு."

"ஓம், பிள்ளை சொல்லுறது சரி" என்றார் யோகராணி டீச்சர், தன் சுருளை அவசரமாகப் பிரித்துக்கொண்டு. "என்ர சரையில தேங்காய்ச் சொட்டுத்தான் இருக்கு."

நடுப் பக்கம் துஷாந்திடம் இருந்தது. அவன் எப்போதோ தின்றுவிட்டு, கை துடைத்து, சட்டைப் பையில் திணித்திருந்தான். எண்ணெய் குடித்து, கசங்கி, முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்துப் படமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அவன் நீட்டினான். தனுஷன் வாங்கவில்லை. ஆண்டியப்பனும் வாங்கவில்லை, அவர் கையில் கூடை. எல்லோரும் லோஜினியைப் பார்த்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதை எழுதுகிறவளுக்குத் தெரியும்.

லோஜினி காகிதத்தை வாங்கினாள். முதலில் எந்தப் பக்கம் மேல் என்று பார்த்துத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்தபோதே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு கண்ணாடி ஜன்னலில் காகிதத்தை ஒட்டிப் பிடித்தாள், வெளிச்சத்துக்கு. வெளியே மழை இருட்டு. துஷாந்த் போன் வெளிச்சத்தைக் காட்டினான். "கிட்ட வேணாண்ணே, பின்னால உள்ள படமும் தெரியுது" என்றாள் அவனிடம்.

"ஓ... ஓவென்று அழு... அழுதது. 'சட்டை ந... நன்றாகத்தானே இருக்கிறது?' என்று கேட்டார் தையல்காரர்."

"நான் சொன்னேன்ல, அழுதுச்சுன்னு!" என்றாள் ஒருத்தி.

"உஷ்!" என்றது பஸ்.

"'சட்டை நன்றாக இருக்கிறது. ஆனால் வாலைச் சட்டைக்குள் விட்டுவிட்டேன். இனி எப்படிக் கி... கிளை...'"

டீச்சருக்கு வாய் துறுதுறுத்தது. "கிளையைப்..." என்று தொடங்கினார்.

"டீச்சர், பொறுங்க. அவளே வருவா" என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அம்மா, வாய் தன்ர பாட்டுக்கு வந்திட்டுது!"

"'...கிளையைப் பிடிப்பேன்? கல்யாணம் மரத்தின் உச்சியில் அல்லவா?' என்றது குரங்கு."

பஸ் வெடித்துச் சிரித்தது. அதே பஸ்தான், அதே சிரிப்புத்தான். லோஜினியும் சேர்ந்து சிரித்தாள், ஏனென்றால் இந்தத் தடவை குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். தனுஷன் தானாகவே தன் பக்கத்தை நீட்டினான். அவள் நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"தையல்காரர் யோசித்தார். மூன்றாவது கையை வெட்டி எடுத்தார். அதன் அடியைத் தைத்தார். அது ஒரு பை ஆயிற்று. குரங்கு வாலை ஆட்டிக்கொண்டு, பை நிறைய வாழைப்பழத்தோடு, கல்யாணத்துக்கு ஏறிப் போனது."

ஆண்டியப்பன் கூடையைக் கீழே வைத்தார். காலி சீட்டு ஒன்றில் உட்கார்ந்தார். இத்தனை வருசத்தில் அந்த மனுசன் பஸ்ஸில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பையாக்கிட்டாரா?" என்றார். "கைய வெட்டி, பையாக்கிட்டாரா! அட, கெட்டிக்காரப் பயலே!" சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கேட்டார், மெதுவாக. "பாப்பா... அவ்வளவுதானா? முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு தாத்தா. இங்க 'முற்றும்'னு போட்டிருக்கு."

"எங்க? காட்டு."

அவள் காட்டினாள். அவர் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லோஜினியின் பைக்குள் இருந்த முதல் பக்கத்தோடு மூன்று பக்கத்தையும் வாங்கி, அடுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மரத்தை அறுத்து முடித்துப் பஸ் கிளம்பியது. கீழ்ப்பிரிவில் இறங்கும்போது கூடையை மறந்து இறங்கிவிட்டார். துஷாந்த் விசிலடித்துக் கொடுத்தான்.

மறுநாள் லோஜினிக்கு வயிற்று வலி வரவில்லை. மழைவிட்ட பள்ளிக்கூட மண்டபத்தில் கடைசி வரிசை வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். நிஷாந்தி அரைநாள் போட்டுவிட்டுக் கொழுந்துக் கறையோடு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லோஜினிக்குக் கொடுத்த பக்கம் ஏதோ தேனீயைப் பற்றியது. நடுவில் ஒரு சொல்லில் சிக்கினாள். மண்டபம் முழுக்க ஆட்கள். அவள் தலையை நிமிர்த்தி அவளுடைய அம்மாவைத் தேடிப் பார்த்தாள். இடுப்பில் படங்கு சிக்கினால் எடுத்துவிடுவது மாதிரி, நிஷாந்தி கையால் ஒரு உதறு உதறிக் காட்டினாள். பிள்ளை சிரித்துவிட்டு, அந்தச் சொல்லைப் பிரித்து வாசித்துத் தாண்டிப் போய்விட்டாள். கடைசி வரி வரைக்கும் போனாள்.

இப்போது அந்தப் பஸ்ஸில் கடலை வாங்குகிற பிள்ளைகள் எல்லோரும் வாசித்துக் காட்டுகிறார்கள். யாராவது சிக்கினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் பொறுத்திருப்பார்கள், டீச்சரைத் தவிர. சிங்கள முதலாளி தன் மகளுடைய பழைய தமிழ்க் கதைப் புத்தகங்களை, பள்ளிக்கூடத்தில் கொடுத்ததாம், ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டியப்பன் அவற்றைக் கிழிக்கவில்லை. கூடையில் கடலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஏறும்போது ஒரு பிள்ளையிடம் கொடுப்பார், இறங்கும்போது வாங்கிக்கொள்வார். எண்ணெய்க் கை பட்டால் மட்டும் திட்டுவார்.

முழுக் கதை கேட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்னமோக்கா" என்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி படுத்தா முன்ன மாதிரி யோசிக்க ஒண்ணும் இல்ல. அதான் நேத்து ஒரு புத்தகத்துல கழண்டு வந்த கடைசிப் பக்கத்த மட்டும் பாப்பாட்ட குடுத்துட்டேன், நான் கேக்குறப்பதான் வாசிக்கணும்னு."

நேற்று எனக்கு ஒரு சுருள் கொடுத்தார். தின்று முடித்தேன். வழக்கம்போலக் கேட்டார். நானும் வழக்கம்போலப் பிரித்து, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கினேன்.

"அரிசி வெல ஏறப்போகுதுன்னு போட்டிருக்கு."

லோஜினி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "இல்ல அம்மாயி. இது தொதல் பலகாரம் கிண்டுற விதம். 'ஒரு கிலோ அரிசி மா எடுத்துக்கொள்ளவும்'னு இருக்கு."

"அரிசி இருக்கா இல்லையா?" என்றேன்.

"இருக்கு..."

"அப்புறம் என்னா?"